நாலு அங்குல ஆக்கிரமிப்பு

என்னிடம் இருக்கும் சட்டைகளில் ஒன்றே ஒன்றுதான் உண்மை பேசும். வெளிர் நீலத்தில் கோடு போட்டது, காலர் கொஞ்சம் பெரியது. மற்றச் சட்டைகளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் மூன்றாவது பொத்தானுக்கும் நான்காவது பொத்தானுக்கும் நடுவே ஒரு சன்னல் திறந்துகொள்ளும். உள்ளே இருக்கும் பனியன் அதன் வழியாக உலகத்தை எட்டிப் பார்க்கும். இந்தச் சட்டையில் அது நடக்காது. இதைத் தைத்தவர் தையல்காரர் அல்ல. முப்பத்து மூன்று வருடம் நிலம் அளந்துவிட்டு ஓய்வு பெற்ற சர்வேயர்.

பாப்பிரெட்டிப்பட்டியில் நான் கிளை நூலகராக இருந்த வருடங்களில் அவர்கள்தான் எங்களுக்குப் பக்கத்து வீடு. பக்கத்து வீடு என்பதைவிட ஒரே வீட்டின் மறுபாதி என்று சொல்லலாம். நீளமான ஒரு கட்டடத்தை நடுவில் ஒரு சுவர் வைத்து இரண்டாக்கியிருந்தார்கள். அந்தச் சுவர் செங்கல்லா அட்டையா என்ற சந்தேகம் எனக்குக் கடைசிவரை தீரவில்லை. அந்தப் பக்கம் மிளகாய் தாளித்தால் இந்தப் பக்கம் நான் தும்முவேன். ‘நூறாயுசு’ என்று அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். அது சர்வேயரின் மனைவி. என் மனைவி அவரை அக்கா என்று கூப்பிடுவாள். அதனால் எனக்கும் அக்கா.

சர்வேயரின் பெயரை ஊரில் யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சர்வேயர் சார் என்றால் போதும். ஒல்லி, உயரம், சட்டைப் பையில் பென்சில், இடுப்பில் சாவிக்கொத்துக்குப் பதிலாக ஒரு சுருட்டு டேப். எதையும் அளக்காமல் விடமாட்டார். நூலகத்து மேசையின் நான்கு பக்கங்களையும் அளந்து, ஒரு பக்கம் அரை அங்குலம் குறைவு என்று கண்டுபிடித்து என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அந்த மேசை எனக்குச் சாய்ந்தே தெரிந்தது. என் மனைவி, “கொஞ்சம் கறிவேப்பிலை இருக்குங்களா அண்ணா?” என்று கேட்டால், “கொஞ்சம்னா எத்தினி இணுக்கும்மா?” என்பார். கேலிக்கு அல்ல. எண்ணிக்கை தெரியாமல் அவரால் மரத்தில் கைவைக்க முடியாது.

ஆனால் அவர் அளந்து பார்க்காமலே நம்பும் பொருள் ஒன்று இருந்தது. பதிவேட்டில் ஏறிவிட்ட அளவு. அரசாங்க வரைபடத்தில் எல்லை ஒரு இடத்திலும் குடியானவரின் வேலி ஒரு இடத்திலும் இருந்தால், அவருக்குத் தீர்ப்பு ஒன்றுதான்: வேலி தப்பு. சித்தேரி அடிவாரத்திலிருந்து மொரப்பூர்வரை எத்தனையோ வேலிகளைப் பிடுங்கி, வரைபடம் சொன்ன இடத்தில் நட வைத்தவர். ‘நிலம் நகராதுங்க சார். ஆளுதான் நகருவான்’ என்று சொல்வார். அந்த மனிதர் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் ஒன்று முழுவதும் நான் சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

அவர் உட்கார்ந்ததற்குக் காரணம் அக்கா.

அதற்கு முந்தைய வருடம் சேலத்தில் அக்காவுக்கு ஆபரேஷன் நடந்தது. இடது மார்பை எடுத்துவிட்டார்கள். அக்குளுக்குள் இருந்த கட்டிகளையும் எடுத்ததில் இடது கை வீங்கிக்கொண்டது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். மருந்து, சிகிச்சை எல்லாம் முடிந்து, உதிர்ந்த முடி திரும்ப முளைத்து, அக்கா ஒருநாள் கடைவீதிக்குக் கிளம்பினார். புது ஜாக்கெட் தைக்க.

நம் ஊரில் ஜாக்கெட் தைக்க உடம்பு போக வேண்டியதில்லை. நன்றாகப் பொருந்திய பழைய ஜாக்கெட் ஒன்றைத் துணியோடு சுருட்டிக் கொடுத்தால் போதும். அதற்கு அளவு ஜாக்கெட் என்று பெயர். ஒவ்வொரு வீட்டிலும் ஒன்று இருக்கும். போட்டுக்கொள்ள அல்ல, கொடுத்தனுப்ப. அக்காவும் பத்து வருடமாகக் கொடுத்தனுப்பிய அதே ஜாக்கெட்டைக் கொடுத்தார். தைத்து வந்தது. கை நுழையவில்லை, ஒரு பக்கம் தொளதொளவென்று தொங்கியது. திரும்ப எடுத்துக்கொண்டு போனபோது கடைக்காரர் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துக் காட்டினார்.

“ஜாக்கெட்டுல தப்பில்லீங்கம்மா. அளவு ஜாக்கெட்டுக்கு நூலு புடிச்ச மாதிரி இருக்குது பாருங்க. உடம்புலதான் கோளாறு.”

கெட்ட எண்ணத்தில் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது. அக்கா ஜாக்கெட்டைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு வீட்டு வாசலைத் தாண்டவில்லை. நைட்டி, தோளில் ஒரு துண்டு. மாதா கோயில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் பைபிளிலிருந்து முதல் வாசகம் படிப்பவர் அவர்தான். அதுவும் நின்றது. பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து நற்கருணை கொடுத்துவிட்டுப் போனார். வெளியே வரச் சொல்லி யாராவது வற்புறுத்தினால் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார்.

“நைட்டில என்னங்க கொறச்சல்? கழுத்துலருந்து காலு வரைக்கும் ஒரே சர்வே நம்பரு. எல்லைத் தகராறே கெடயாது.”

சிரிப்பு நம்மோடு முடிந்துவிடும். அவர் உள்ளே போய்விடுவார்.

இப்படி இருக்கும்போது மொரப்பூரில் இருக்கும், அக்காவின் கூடப்பிறந்த தங்கை பத்திரிகையோடு வந்தார். மகளுக்குக் கல்யாணம், ஈஸ்டர் முடிந்த வாரம். “பெரியம்மா வராம மோதரம் மாத்திக்க மாட்டேன்னு சொல்றாக்கா அவ,” என்றார்.

“வரேன்டி. நைட்டியோட வரட்டுமா? போட்டோக்காரன் என்னய மட்டும் தனியா நிக்க வெப்பான்.”

தங்கை அழுதுவிட்டுப் போனார். அடுத்த வாரம் சாம்பல் புதன், தவக்காலத்தின் முதல் நாள். அன்று மாலை சர்வேயர் கடத்தூரில் யாரோ விற்ற கால் தையல் மெஷின் ஒன்றை மினி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். ஈஸ்டருக்குள் அக்காவுக்கு ஒரு ஜாக்கெட். அது பொருந்தினால் அக்கா கல்யாணத்துக்கு வருவார். பொருந்தாவிட்டால் வரமாட்டார், அதற்குப் பிறகும் எங்கேயும் வரமாட்டார். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. சுவருக்கு இரண்டு பக்கமும் எல்லாருக்கும் தெரியும்.

மறுநாள் நூலகம் திறக்கும்போது வாசலில் நின்றார்.

“சார், தையல் பத்தி புக்கு இருக்குதுங்களா?”

ஒன்று இருந்தது. வந்த நாளிலிருந்து யாரும் எடுக்காததால் பக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. பிரித்தபோது சடசடவென்று எதிர்ப்புத் தெரிவித்தன. அதில் ‘சராசரி உடல் அளவுகள்’ என்று ஒரு அட்டவணை. தோள் இரண்டும் சமம், கை இரண்டும் சமம், வயிறு என்று ஒன்று இல்லவே இல்லை. நான் படித்த கற்பனை இலக்கியங்களில் அதை முதல் வரிசையில் வைப்பேன். சர்வேயருக்கோ அட்டவணை என்றால் அரசாணை. பயபக்தியோடு வாங்கிக்கொண்டு போனார். கூடவே பழைய செய்தித்தாள் ஒரு கட்டு, வெட்டிப் பழக.

யாரை வைத்துப் பழகுவது என்ற கேள்வி வந்தது. என்னைவிடச் சும்மா இருப்பவர் அந்தத் தெருவில் இல்லை.

“இடுப்பு எத்தினிங்க சார்?”

“முப்பத்து நாலு,” என்றேன். கல்யாணத்தின்போது அதுதான். அதன்பிறகு யாரும் மாற்றச் சொல்லிக் கேட்கவில்லை.

டேப்பைச் சுற்றினார். நான் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றேன். அவர் அளக்கவில்லை. மொரப்பூர் ரயில் தாமதம், பப்பாளிச் செடியில் பூச்சி என்று ஏதேதோ பேசினார். நிலம் அளக்கப் போன இடத்தில் சண்டைக்கு நிற்பவர்களை இப்படித்தான் சமாளிப்பாராம். பப்பாளிக்குப் பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன், மூச்சு போய்விட்டது, டேப் இறுகியது. நோட்டில் எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘பட்டாதாரர் சொன்ன எல்லை: 34. ஆக்கிரமிப்பு: 4.’

என் உடம்பைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இவ்வளவு சுருக்கமும் துல்லியமும் உள்ள உரைநடை வேறு இல்லை.

அதோடு விட்டிருந்தால் சட்டை முதல் தடவையே சரியாக வந்திருக்கும். ஆனால் அவருக்கு ஒரு வரைபடம் வேண்டும். கைப்பேசியில் தேடி, வெளிநாட்டுக்காரர்கள் இலவசமாகக் கொடுக்கும் ஆண்கள் சட்டை மாதிரி ஒன்றைப் பிடித்தார். என் அளவுக்கு உரியதை ஜெராக்ஸ் கடையில் இருபத்தெட்டுத் தாளில் அச்சடித்து, எங்கள் கூடத்தில் பரப்பி ஒட்டினார். மூலையில் ஒரு சின்னச் சதுரம் இருந்தது. இது நான்கு அங்குலம் இருக்கிறதா என்று அளந்து பார்த்துவிட்டுத் துணியை வெட்டவும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. மேசையை, கட்டிலை, கறிவேப்பிலையை அளந்த மனிதர் அதை மட்டும் அளக்கவில்லை. அச்சில் வந்த வரைபடம் அல்லவா?

சட்டை என் தோளில் ஏறி அங்கேயே நின்றுவிட்டது. இரண்டு கையையும் சிலுவையில் அறைந்தவர்போல விரித்தால்தான் மூச்சு வந்தது. சர்வேயர் என்னைச் சுற்றி வந்தார். தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“தச்சதுல தப்பே இல்ல சார். தாளுக்கு நூலு புடிச்ச மாதிரி இருக்குது. நீங்கதான் ஒத்து வர மாட்டேங்கறீங்க.”

சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல். உரக்கக்கூட இல்லை.

“அந்தக் கடக்காரரு சொன்னத நீங்களும் கத்துக்கிட்டீங்க பாருங்க.”

சர்வேயர் கீழே குந்தி, இடுப்பிலிருந்து டேப்பை எடுத்து, அந்தச் சதுரத்தின்மேல் வைத்தார். மூன்றே முக்கால் அங்குலம். ஜெராக்ஸ் கடை மெஷின் தாளுக்குள் அடக்குவதற்காக எல்லாவற்றையும் சுருக்கி அச்சடித்திருந்தது. தாளின் அளவுக்கு என்னைச் சுருக்க அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

“ஸ்கேலு தப்பு,” என்றார். மேலதிகாரி ஒருவரின் மரணத்தைச் சொல்வதுபோல.

என் சட்டை கிடக்கட்டும். அக்காவின் ஜாக்கெட் இதைவிட மோசமாகப் போய்க்கொண்டிருந்தது.

இங்கேதான் நான் அந்த மனிதரைப் பற்றி முதலில் தப்பாகப் புரிந்துகொண்டேன். ஊரை அளந்தவர், என்னை அளந்தவர், அக்காவை மட்டும் அளக்கவே இல்லை. அந்த அளவு ஜாக்கெட்டை எடுத்து மேசைமேல் விரித்துவைத்து, அதிலிருந்துதான் குறித்துக்கொண்டார். பிடிவாதம், பதிவேட்டுப் பைத்தியம் என்று நினைத்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அக்கா அவர் முன்னால் உடை மாற்றுவதில்லை, கதவைச் சாத்திக்கொள்கிறார் என்று என் மனைவி சொன்ன பிறகுதான் புரிந்தது. அவருக்குக் கேட்கத் தைரியம் இல்லை. பழைய ஜாக்கெட்டை அளப்பது சுலபம். அது எதையும் மறைக்கவில்லை, எதையும் இழக்கவும் இல்லை.

முதல் ஜாக்கெட்டின் உள்பக்கம் பேனாவால் ‘1’ என்று எழுதினார். சரியில்லை. பிரித்து, இடது கையை மட்டும் பெரிதாக்கி ‘1/1’. அதுவும் இல்லை. ‘1/2’, ‘1/3’ என்று நிலத்தைப் பங்கு பிரிப்பதுபோல உட்பிரிவு போய்க்கொண்டே இருந்தது. கை இறுக்குகிறது என்று அக்கா சொல்லும்போதெல்லாம் அக்குளை இன்னும் கீழே வெட்டித் தாழ்த்துவார். பள்ளம் பெரிதானால் கைக்கு இடம் கிடைக்கும் என்று அவர் கணக்கு. எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. கிணற்றை ஆழப்படுத்தினால் தண்ணீர் வரும் என்று நினைக்கும் ஊர்க்காரன் நானும்.

டாக்டர் அக்காவுக்கு ஒரு பயிற்சி கொடுத்திருந்தார். சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களை நடக்க விடுவதுபோல மெல்ல மேலே ஏற்ற வேண்டும். அந்தச் சுவர் நடுச் சுவர். இந்தப் பக்கம் எனக்குப் பல்லி ஏறுவது மாதிரிக் கேட்கும். ஏறி நின்ற இடத்தில் சர்வேயர் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார். நைட்டியோடு ஏறினால் கோடு வாரா வாரம் உயர்ந்தது. புது ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஏறினால் விரல்கள் பாதியில் நின்றன. அக்குளை ஒவ்வொரு தடவை தாழ்த்தியபோதும் கோடும் கூடவே இறங்கியது.

ஈஸ்டருக்கு ஒரு வாரம் முன்பு குருத்தோலை ஞாயிறு வந்தது. எல்லாரும் ஓலையோடு கோயிலுக்குப் போய்விட்டார்கள். சர்வேயர் போகவில்லை. நான் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் ஆரம்பித்தது.

“நிமுந்து நில்லேம்மா. நீ எடது பக்கம் சாயற. அதான் தூக்குது.”

“சாய்ஞ்சுதாங்க நிக்கறேன். ஒரு பக்கம் பாரம் இல்ல, சாயாம?”

“கொஞ்சம் நேரா நின்னேன்னா லைன் சரியாயிடும்.”

“கொஞ்சம்னா எத்தினிங்க?”

நான் சோற்றில் வைத்த கையை எடுக்கவில்லை. என் மனைவி ரசம் ஊற்ற வந்தவள் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

“நான் என்ன உங்க வேலிங்களா, புடுங்கி நேரா நடறதுக்கு?” என்றார் அக்கா. “ஊரு நெலத்தையெல்லாம் முள்ளுல நடந்து, வெயில்ல நின்னு, நேர்ல பாத்து அளந்தீங்க. வூட்ல மட்டும் ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு பழைய ரெக்கார்ட பாத்து எழுதறீங்க. அந்த ஜாக்கெட்டு பொம்பள செத்துப் போயிட்டாங்க. நான் இருக்கறேன்.”

அப்புறம் அக்காதான் மறுபடி பேசினார்.

“கதவ சாத்திட்டு டேப்ப எடுத்துக்கிட்டு வாங்க.”

கதவு சாத்தும் சத்தம் கேட்டது. என் மனைவி என்னைச் சமையலறைக்கு எழுந்து வரச் சொல்லிச் சாடை காட்டினாள். நான் எழுந்தேன், தட்டையும் எடுத்துக்கொண்டேன். ஆனாலும் சுவர் அட்டைச் சுவர். போகிற போக்கில் இரண்டு வாக்கியம் காதில் விழுந்துவிட்டது.

“மூச்ச வுடும்மா.”

“மொதல்ல நீங்க வுடுங்க.”

சாயங்காலம் சர்வேயர் எங்கள் வாசலுக்கு வந்தார். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். கையில் ஒரு தாள். நடுவில் கோடு கிழித்து இரண்டு பத்தி எழுதியிருந்தது. ஒரு பக்கத்து எண் ஒன்றுகூட மறுபக்கத்தில் இல்லை.

“ரெண்டு பட்டா சார். வலது ஒண்ணு, எடது ஒண்ணு. நான் இத்தினி நாளா ஒண்ணா மடிச்சு வெட்டிக்கிட்டு இருந்தேன்.”

துணியை இரண்டாக மடித்து ஒரே வெட்டில் இரு பக்கமும் வெட்டுவதுதான் தையலின் முதல் பாடம். உலகத்தில் எல்லாரும் அப்படித்தான் வெட்டுகிறார்கள். அவர் அதற்குப் பிறகு எதையும் மடித்து வெட்டவில்லை. என்னையும் மறுபடி அளந்தார். என் வலது தோள் இடதைவிடக் கீழே இருக்கிறதாம். புத்தகம் சுமந்ததால் என்றேன். இல்லை, நாற்காலியில் ஒரு பக்கமாகச் சாய்ந்து தூங்குவதால் என்றார். சாட்சிக்கு என் மனைவி தலையாட்டினாள்.

ஆனாலும் கை தூக்கும் தொல்லை தீரவில்லை. நைட்டிக் கோட்டுக்கும் ஜாக்கெட் கோட்டுக்கும் நடுவில் இன்னும் நான்கு அங்குலம். கல்யாணத்துக்கு எட்டு நாள் இருந்தது. இந்த இடத்தில் இலக்கியம் உதவிக்கு வந்தது என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசை. வந்தது என் ஜிப்பா.

நூலக விழாக்களில் நன்றியுரை சொல்வதற்காக நான் ஒரு கதர் ஜிப்பா வைத்திருந்தேன். அதைப் போட்டால் நன்றியுரை நீண்டுவிடும் என்று ஊரில் ஒரு பயம் உண்டு. அப்படி ஒரு விழா முடித்துவந்து, குடையைப் பரண்மேல் வைக்கக் கையைத் தூக்கினேன். சர்வேயர் அப்போது எங்கள் கூடத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார்.

“அப்பிடியே நில்லுங்க சார்.”

நின்றேன். பக்கத்தில் வந்து என் அக்குளுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். வாழ்க்கையில் அவ்வளவு கவனமாக யாரும் என்னைப் படித்ததில்லை.

“கைய தூக்கறீங்க. கீழ ஓரம் ஏறவே இல்ல. எப்பிடி?”

“தெரியலீங்களே.”

“கழட்டுங்க.”

கழற்றினேன். பிளேடால் தையலைப் பிரித்தார். அக்குளில், உடம்புத் துணியும் கைத்துணியும் சேரும் இடத்தில், சாய்ந்த சதுரமாக ஒரு சின்னத் துண்டு. கையை இறக்கினால் மடிந்து ஒளிந்துகொள்ளும், தூக்கினால் விரிந்து இடம் கொடுக்கும். சர்வேயர் அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு சிறு பெண் பட்டாம்பூச்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

“ரெண்டு முக்கோணம் சார்! நெலத்த முக்கோணமா பிரிச்சுத்தானே முப்பத்து மூணு வருசம் அளந்தேன்!”

அப்போதுதான் இன்னொன்றும் பிடிபட்டது. அக்குளைத் தாழ்த்தத் தாழ்த்த, கையைத் தூக்கும்போது முழு ஜாக்கெட்டும் சேர்ந்து தூக்குகிறது. அவர் செய்ய வேண்டியது நேர் எதிர். அக்குளை உடம்போடு ஒட்டி மேலே கொண்டுவந்து, அங்கே இந்தத் துண்டை வைக்க வேண்டும். நாற்பது நாள் தப்பான திசையில் எல்லைக் கல்லை நகர்த்தியிருக்கிறார். இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தத் தவக்காலத்தில் அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

என் ஜிப்பா ஒற்றைக் கையோடு திரும்பி வந்தது. இப்போது தரை துடைக்கிறது. நன்றியுரைகள் சுருங்கிவிட்டதாகக் கேள்வி.

இடது பக்கத்துக்கு என்ன செய்தார் என்பது என் மனைவி வழியாகத்தான் எனக்குத் தெரியும். வத்தல்மலையிலிருந்து வாங்கிவந்த சாமை அரிசியை மெல்லிய பருத்திப் பைக்குள் அடைத்து, ஜாக்கெட்டின் உள்ளேயே ஒரு பை தைத்து அதில் வைத்திருந்தார். பஞ்சு வைத்தால் மேலே மேலே ஏறும், கனம் வேண்டும் என்று கண்டுபிடித்திருக்கிறார். தராசில் வைத்து வைத்துப் பத்துப் பன்னிரண்டு தடவை கூட்டிக் குறைத்தாராம். அக்கா சாய்வதை நிறுத்திய எடையில் நிறுத்திக்கொண்டார்.

“பரவால்லடி,” என்று என் மனைவியிடம் சொன்னாராம் அக்கா. “மொரப்பூர் போற வழியில பஸ்ஸு நின்னுபோச்சுன்னா கஞ்சி காச்சிக்கலாம்.”

கல்யாணத்தன்று காலை நாங்கள் நால்வரும் அரூர் போய், அங்கே மொரப்பூர் பஸ்ஸுக்கு மாறினோம். பெண்களுக்கு டிக்கெட் இல்லாத பஸ், முகூர்த்த நாள் வேறு. உள்ளே ஏறியதே பெரிது. அக்கா மெரூன் பட்டுச் சேலை கட்டியிருந்தார். அதே நிறத்தில் ஜாக்கெட். உள்பக்கம் என்ன எண் எழுதியிருந்தது என்று எனக்குத் தெரியாது. உட்பிரிவு எதுவும் இல்லாத புது எண்ணாகத்தான் இருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு அது ஒரு ஜாக்கெட். திரும்பிப் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. அதற்காகத்தான் இத்தனை பாடு.

பெண்கள் முன்பக்கம் நின்றார்கள், நாங்கள் இரண்டு வரிசை பின்னால். அக்காவின் வலது கையில் மணப்பெண்ணுக்கான பரிசுப் பெட்டி. இடது கை பக்கவாட்டில் தொங்கியது.

“மேல புடிச்சு நில்லுங்கம்மா! பிரேக் போட்டா நான் பொறுப்பில்ல!” என்று கண்டக்டர் கத்தினார்.

அக்கா தலைக்கு மேலே இருந்த கம்பியைப் பார்த்தார். வீட்டுச் சுவரில் அவ்வளவு உயரத்தில் கோடு எதுவும் கிடையாது. சர்வேயர் அக்காவின் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்க்கவில்லை. அக்குள் தையலைப் பார்த்துக்கொண்டிருந்தார், மழைக்கு முன் வரப்பைப் பார்ப்பவர்போல.

இடது கை மெல்ல ஏறியது. தோளைத் தாண்டியது. காதைத் தாண்டியது. விரல்கள் கம்பியைத் தொட்டு, பிடித்துக்கொண்டன. பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிப் புறப்பட்டது. ஜாக்கெட் இருந்த இடத்தில் இருந்தது.

பக்கத்து இருக்கையில் இருந்த பெண் எழுந்தாள். “உக்காருங்கக்கா.”

“வேணாங்கண்ணு. நீ உக்காரு. நான் நின்னுக்கிட்டே வரேன்.”

மொரப்பூர் வரைக்கும் நின்றுகொண்டுதான் வந்தார். பாதி வழியில் தலையை மட்டும் திருப்பி, பஸ் முழுவதும் கேட்கிற மாதிரி, “ஏங்க! என்னத்த அப்பிடி பாக்கறீங்க? கல்லு எல்லாம் நட்ட எடத்துலதான் இருக்குது,” என்றார். யாருக்கும் புரியவில்லை. சர்வேயர் சட்டென்று சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை, தக்காளித் தோட்டம்தான்.

இப்போது அவர்கள் ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறார்கள். அக்கா அங்கே கோயிலில் வாசகம் படிக்கிறார் என்று என் மனைவி போனில் கேட்டுச் சொன்னாள்.

அந்த பஸ்ஸில் நான் போட்டிருந்தது இந்த நீலச் சட்டைதான், இரண்டாவது தடவை தைத்தது. புதுச் சட்டை போட்டால் வயிற்றை உள்ளே இழுத்துக்கொள்வது என் பழக்கம். அரூரிலிருந்தே இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்திருந்தேன். அக்காவின் கை கம்பியில் ஏறியபோது வயிறு எனக்கே தெரியாமல் வெளியே வந்துவிட்டது. பொத்தான்கள் அசையவில்லை. நாலு அங்குலமும் சர்வேயர் முன்பே விட்டுத்தான் தைத்திருந்தார்.